சிவப்புக் கூரை ஸ்டேஷன் – குனிதாச்சி என்ற ஊர் பிறந்த கதை

ஊர் முதலில், ரயில் ஸ்டேஷன் பிறகு. இதுதான் நாம் அறிந்த வழக்கம். ஜனங்கள் குடியிருப்பார்கள், சந்தை கூடும், கோயில் இருக்கும். பின்னால் ஒரு நாள் தண்டவாளம் போட்டு, ஊர்ப் பெயரைப் பலகையில் எழுதி நட்டுவிட்டுப் போவார்கள். ஜப்பானில் டோக்கியோ நகரின் மேற்கே ஓர் ஊர் இருக்கிறது. அங்கே கதை தலைகீழ். முதலில் ஸ்டேஷன் வந்தது, அதற்கு ஒரு பெயர் வைத்தார்கள், பிறகுதான் ஊர் வந்தது. அந்த ஊருக்கு ஸ்டேஷன் பெயரே ஊர்ப் பெயராகவும் ஆகிவிட்டது. குனிதாச்சி என்பது அதன் பெயர்.

தினமும் புறநகர் ரயிலில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போய்வரும் நம் போன்றவர்களுக்கு, ஸ்டேஷன் என்றால் ஓடிப்போய் வண்டி பிடிக்கும் இடம். அதற்கு மேல் யோசிக்க நேரம் ஏது? ஆனால் குனிதாச்சி மக்கள் ஒரு சின்ன மர ஸ்டேஷன் கட்டடத்துக்காகப் பல வருஷம் வாதாடி, மன்றாடி, பணம் சேர்த்து, கழற்றிப்போட்ட மரச்சட்டங்களைப் பதினாலு வருஷம் பத்திரப்படுத்தி, மறுபடி நிமிர்த்தி நிற்கவைத்திருக்கிறார்கள். வந்து குடியேறியவர்கள் ஓர் ஊரை எப்படித் தங்கள் ஊராக ஆக்கிக்கொள்கிறார்கள் என்ற கேள்விக்கு இதில் பதில் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. அதனால்தான் நம் மலருக்கு இந்த விஷயத்தை எடுத்துக்கொண்டேன்.

நேர்கோட்டில் ஒரு ரயில் பாதை

குனிதாச்சி இருப்பது சூவோ லைன் என்ற பாதையில். டோக்கியோ ஸ்டேஷனிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர் மேற்கே. இந்தப் பாதையைப் போட்டது அரசாங்கம் அல்ல, கோபு ரயில்வே என்ற தனியார் கம்பெனி. 1889 ஏப்ரல் 11ஆம் தேதி ஷின்ஜுகுவிலிருந்து தாச்சிகாவா வரை வண்டி ஓடத் தொடங்கியது. வழியில் நக்கானோ, சக்காய், கொகுபுன்ஜி என்று மூன்றே மூன்று நிறுத்தங்கள். தேசப்படத்தில் பார்த்தால் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல ஏறக்குறைய 25 கிலோமீட்டர் தூரம் வளைவே இல்லாமல் போகும். 1906இல் அரசாங்கம் இந்தப் பாதையைத் தன் வசம் எடுத்துக்கொண்டது.

கொகுபுன்ஜிக்கும் தாச்சிகாவாவுக்கும் நடுவில் ஆறு கிலோமீட்டர் இடைவெளி. முப்பத்தேழு வருஷம் அங்கே வண்டி நிற்கவே இல்லை. நிற்க என்ன இருந்தது? மரங்களும் புதர்க்காடும்தான். அதற்குத் தெற்கே, தாழ்வான நிலத்தில், யாஹோ என்ற பழைய விவசாயக் கிராமம். அங்கே தென்மாங்கு என்ற பழமையான கோயில் உண்டு. சுகவாரா நோ மிச்சிசானே என்ற அறிஞரைக் கல்விக்குத் தெய்வமாக ஜப்பானியர் வணங்குகிறார்கள். பொய்க் குற்றச்சாட்டால் தலைநகரை விட்டுத் துரத்தப்பட்டவர் அவர். அவருடைய மகன் ஒருவரும் இந்தப் பக்கம் நாடு கடத்தப்பட்டார், 903இல் தந்தை இறந்த செய்தி கேட்டு அவர் உருவத்தைச் செதுக்கி வைத்து வணங்கினார் என்பது கோயில் மரபு. ஊர் விட்டு வந்தவர் எழுப்பிய கல்வித் தெய்வத்தின் கோயில், பின்னால் ஒரு கல்லூரி நகரத்துக்குப் பக்கத்துக் கோயிலாக ஆனது தற்செயல்தான். ஆனாலும் நினைக்க நன்றாக இருக்கிறது.

பூகம்பமும் நிலம் வாங்கியவரும்

1923 செப்டம்பர் 1ஆம் தேதி, பகல் 11 மணி 58 நிமிஷம். வீடுகளில் மதியச் சமையலுக்கு அடுப்பு எரிந்துகொண்டிருந்த நேரம். டோக்கியோ, யோக்கோஹாமா நகரங்களைப் பெரும் பூகம்பம் உலுக்கியது. இடிபாட்டை விட அதன்பின் பரவிய தீயில்தான் அதிகம் பேர் மாண்டார்கள். இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் ஒரு லட்சத்துக்கும் மேல். நெருக்கமான நகரின் நடுவில் இனி வாழ முடியாது என்று வசதியும் மாதச் சம்பளமும் உள்ள குடும்பங்கள் மேற்குப் பக்கமாக நகரத் தொடங்கின. டோக்கியோ வணிகப் பல்கலைக்கழகமும் கட்டடங்களை இழந்து புது இடம் தேடியது. இன்றைக்கு ஹிதோத்சுபாஷி பல்கலைக்கழகம் என்று உலகம் அறிந்திருப்பது அதுவே.

இந்த இடத்தில் கதைக்குள் நுழைகிறார் த்சுத்சுமி யசுஜிரோ. 1889இல், அதாவது அந்த ரயில் பாதை பிறந்த அதே வருஷத்தில், ஷிகா மாவட்டத்தின் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பின்னாளில் சேய்பு என்ற பெரிய ரயில்வே, கடைத்தொகுதி சாம்ராஜ்யத்தின் மூலவர். 1953இல் நாடாளுமன்றக் கீழ்ச்சபையின் சபாநாயகர் ஆனவர். அந்தக் காலத்தில் ஹகோனே நிலக் கம்பெனி என்ற மனை வியாபாரக் கம்பெனியை நடத்திக்கொண்டிருந்தார்.

ரயிலையும் வீட்டு மனையையும் சேர்த்து விற்கும் வித்தையை ஜப்பானில் பெரிதாகச் செய்து காட்டியவர் ஒசாக்கா பக்கத்து கோபயாஷி இச்சிசோ. 1910இல் தன் கம்பெனியின் மின்சார ரயில் ஓடத் தொடங்கியதுமே, இக்கேதா என்ற இடத்தில் மனைகளையும் வீடுகளையும் பத்து வருஷத் தவணையில் விற்றார். வண்டிக்குப் பயணிகள் வேண்டும், பயணிகளுக்கு வீடு வேண்டும் என்பதே அவர் கணக்கு. த்சுத்சுமியின் கணக்கு இன்னும் ஒரு படி மேலே. வீட்டுக்கு அருகில் ஒரு பல்கலைக்கழகத்தையும் கொண்டுவந்துவிட்டால்? கல்வி இருக்கும் இடத்தில் குடியிருக்க மத்தியதர வர்க்கம் கூடுதல் விலையும் கொடுக்கும் அல்லவா?

முதலில் ஓயிசுமி என்ற இடத்தில் இதை முயன்றார். பல்கலைக்கழகம் வரவில்லை. ஆனால் "கல்விச்சாலை" என்று பொருள்படும் "கக்குவேன்" என்ற ஒட்டு மட்டும் அந்த ஸ்டேஷன் பெயரில் ஒட்டிக்கொண்டுவிட்டது. வராத கல்லூரியின் ஞாபகமாக இன்னும் அப்படியே இருக்கிறது. அடுத்த முயற்சிதான் யாஹோ கிராமத்தின் வடக்குக் காடு. கிராமத்தாரிடம் பெரும் அளவில் நிலம் வாங்கி, 1925இல் பல்கலைக்கழகத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டார். ஜெர்மனியின் கோட்டிங்கன் போன்ற பல்கலைக்கழக நகரம் ஒன்று மனதில் இருந்ததாகச் சொல்வார்கள்.

கம்பெனி கட்டிக் கொடுத்த ஸ்டேஷன்

ஒரு சிக்கல். கோபயாஷிக்கு ரயில் சொந்தம், இங்கே ரயில் அரசாங்கத்தினுடையது. காட்டின் நடுவில் வண்டியை நிறுத்து என்றால் நிறுத்துவார்களா? ஆகவே கம்பெனி மனுப் போட்டது. தன் செலவிலேயே ஸ்டேஷனைக் கட்டி ரயில்வே இலாகாவுக்குத் தானமாகக் கொடுத்தது. 1926 ஏப்ரல் 1ஆம் தேதி ஸ்டேஷன் திறக்கப்பட்டது.

பெயர் என்ன வைப்பது? இந்தப் பக்கம் கொகுபுன்ஜி, அந்தப் பக்கம் தாச்சிகாவா. இரண்டு பெயர்களின் முதல் எழுத்தையும் எடுத்துச் சேர்த்துவிட்டார்கள். ஜப்பானிய மொழியில் ஒரே சித்திர எழுத்தைப் பல விதமாகப் படிக்கலாம். "கொகு" என்று படிக்கும் அதே எழுத்தை "குனி" என்றும் படிக்கலாம். நாடு என்று பொருள். "தாச்சி" என்றால் எழுந்து நிற்பது. ஆக, குனிதாச்சி. "இங்கே ஒரு புது நாடு எழுகிறது" என்ற பொருளும் அதில் கிடைக்கிறது என்று சொல்லிக்கொண்டார்கள்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இந்த இரண்டு எழுத்துகளையும் வேறு விதமாகப் படித்தால் "தேசிய" அல்லது "அரசு சார்ந்த" என்று அர்த்தம் வந்துவிடும். 1926இல் இங்கு வந்த இசைக் கல்லூரி பின்னர் ஊரின் பெயரையே வைத்துக்கொண்டது. அது சுத்தமான தனியார் நிறுவனம். ஆனால் பெயர்ப்பலகையைப் பார்க்கும் வெளியூர்க்காரர் அரசாங்க இசைக் கல்லூரி என்று படித்தால் அவரைக் குற்றம் சொல்ல முடியாது! போதாக்குறைக்கு, அந்தக் கல்லூரி 1978இல் பக்கத்து ஊரான தாச்சிகாவாவுக்கு இடம் மாறிவிட்டது. பெயரை மட்டும் மாற்றவில்லை.

இனி கட்டடத்துக்கு வருவோம். பெரிய கட்டடம் ஒன்றும் இல்லை. மரச்சட்டங்களால் ஆனது, வெள்ளைச் சுவர், முன்னால் முக்கோணமாக உயர்ந்து நிற்கும் சிவப்புக் கூரை, முகப்பில் அரைவட்ட வளைவு ஜன்னல்கள். இங்கிலாந்தின் கிராமத்து வீடு ஒன்று வழி தவறி வந்து நின்றது போன்ற தோற்றம். உள்ளே ஒரு காத்திருப்புக் கூடம், டிக்கெட் கவுண்டர். அவ்வளவுதான். டோக்கியோவில் இதைவிடப் பழைய மர ஸ்டேஷன் கட்டடம் என்று 1924இல் கட்டிய ஹராஜுகு ஸ்டேஷனைத்தான் சொல்வார்கள்.

அந்தக் கூரையை விட்டு வெளியே வந்தால் வட்ட வடிவ மைதானம். அங்கிருந்து விசிறி போல மூன்று சாலைகள். நடுவே நேர் தெற்கே போவது பல்கலைக்கழகச் சாலை. அகலம் சுமார் 44 மீட்டர், அதாவது ஏறக்குறைய 145 அடி. கார்கள் அபூர்வமாக இருந்த காலத்தில் இப்படி ஒரு சாலை! தென்கிழக்கே போவது அசாஹி சாலை, உதயசூரியன் பக்கம். தென்மேற்கே போவது ஃபுஜிமி சாலை, "ஃபுஜி தெரியும் சாலை"; வானம் தெளிவான நாளில் அதன் கோடியில் ஃபுஜி மலை தெரியும். மனை வாங்க வருபவர் ஸ்டேஷன் படியில் இறங்கியதும் ஒரே பார்வையில் எதிர்காலத்தைக் காட்டிவிட வேண்டும். இதுதான் நோக்கம். உண்மையைச் சொன்னால், அந்த அழகான ஸ்டேஷனே ஒரு விளம்பரப் பலகைதான்.

விளம்பரம் உடனே பலிக்கவும் இல்லை. மனைகள் மெதுவாகவே விலை போயின; கம்பெனியும் பணமுடையில் சிக்கியது. 1927இல் இத்தோ சூத்தா என்ற பெயர் பெற்ற கட்டடக்கலை நிபுணரின் வடிவமைப்பில் கனேமாத்சு மண்டபம் எழுந்தது. பல்கலைக்கழகத்தின் மற்றப் பிரிவுகள் படிப்படியாக வந்து சேர்ந்தன. 1929இல் மின்சார ரயில் எட்டிப் பார்த்தது. அப்புறம்தான் ஊருக்கு உயிர் வந்தது.

ஊர் மக்களின் கைக்கு வந்த ஊர்

இதுவரை சொன்னது கம்பெனியின் கதை. இனி வருவது குடியிருந்தவர்களின் கதை.

பல்கலைக்கழகச் சாலையின் இரு பக்கமும் இன்று செர்ரி மரங்களும் கிங்கோ மரங்களும் நிற்கின்றன. ஏப்ரல் தொடக்கத்தில் வெளிர் சிவப்பு, நவம்பரில் பொன் மஞ்சள். 1933 டிசம்பரில் பட்டத்து இளவரசர் அக்கிஹித்தோ பிறந்ததைக் கொண்டாடும் விதமாக, அடுத்த வருஷம் முதல் ஊர்க்காரர்கள் நட்டவை அந்தச் செர்ரி மரங்கள். ஸ்டேஷனைக் கம்பெனி கொடுத்தது, நிழலை ஜனங்களே உண்டாக்கிக்கொண்டார்கள்.

போருக்குப் பிறகு பக்கத்து ஊரான தாச்சிகாவாவில் அமெரிக்க விமானப்படைத் தளம். 1950இல் கொரியப் போர் மூண்டது. சிப்பாய்களின் பணத்தைக் குறிவைத்து விடுதிகளும் சாராயக் கடைகளும், அவற்றோடு விபசாரமும், குனிதாச்சிக்குள் புகத் தொடங்கின. பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் கண்ணெதிரில் இது நடந்தது. குடும்பத்தலைவிகள், மாணவர்கள், ஆசிரியர்கள் கூட்டம் போட்டார்கள். இதைக் கல்வி வட்டாரம் என்று சட்டப்படி அறிவியுங்கள், அப்படிப்பட்ட கடைகளுக்கு இடமில்லாமல் செய்யுங்கள் என்று கேட்டார்கள். வியாபாரம் படுத்துவிடும் என்று எதிர்த்தவர்களும் அதே ஊரில் இருந்தார்கள். தெருவுக்குத் தெரு சண்டை. கடைசியில் 1952 ஜனவரியில் அறிவிப்பு வந்தது. வெறும் மனைப்பிரிவாக இருந்தது அன்றைக்குத்தான் ஊர் ஆனது என்று சொல்லலாம்.

இதற்கு முந்தைய வருஷம், 1951இல், யாஹோ கிராமம் பேரூராக உயர்ந்தபோது அதன் பழைய பெயர் போய் ஸ்டேஷனின் பெயரே நிலைத்தது. 1967இல் அது நகராட்சியானது. இதில் ஒரு வருத்தமும் இருக்கத்தான் செய்கிறது. ஆயிரம் வருஷப் பெயர் ஒன்று, இருபத்தைந்து வயதுப் பெயருக்கு இடம் விட்டு ஒதுங்கியது. யாஹோ என்ற பெயர் இப்போது ஊரின் தென்பகுதிக்கும், நம்பு லைனில் உள்ள இன்னொரு சிறிய ஸ்டேஷனுக்கும், அந்தக் கோயிலுக்கும் உரியது. புதிதாக வந்தவர்கள் ஊரைத் தமதாக்கிக்கொள்ளும்போது ஏற்கெனவே இருந்தவர்களின் பெயர் சுருங்கிப்போவதும் உண்டு. வெளியூரில் வாழும் நாம் இதை மறக்கக் கூடாது.

44 மீட்டர் சாலையும் 44 மீட்டர் கட்டடமும்

1999இல் ஒரு கட்டுமானக் கம்பெனி பல்கலைக்கழகச் சாலையை ஒட்டி நிலம் வாங்கி, 14 மாடி அடுக்குமாடி வீடு கட்டப் புறப்பட்டது. உயரம் ஏறக்குறைய 44 மீட்டர். சாலையின் அகலமும் அதேதான் என்பது விதியின் விளையாட்டு. சாலையோர மரங்களின் உயரமோ சுமார் 20 மீட்டர். எழுதாத சட்டம் போல அதுவரை பெரும்பாலும் மரத்துக்கு மேல் கட்டுவதில்லை. மக்கள் கொதித்தார்கள். நகராட்சி 20 மீட்டர் உயர வரம்பை 2000 பிப்ரவரியில் சட்டமாக்கியது. ஆனால் அதற்குள் கம்பெனி வேலையைத் தொடங்கிவிட்டது.

வழக்கு நீதிமன்றம் ஏறியது. 2002 டிசம்பரில் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம், சாலையைப் பார்த்த பகுதியில் 20 மீட்டருக்கு மேல் உள்ளதை இடித்துவிடு என்று தீர்ப்பளித்தது. நாடே திரும்பிப் பார்த்தது. 2004இல் உயர் நீதிமன்றம் அதைப் புரட்டிப்போட்டது. 2006 மார்ச் 30இல் உச்ச நீதிமன்றமும் மக்கள் பக்கம் தீர்ப்புத் தரவில்லை. ஆனால் நல்ல காட்சியமைப்பை அனுபவிக்கும் நலன் சட்டத்தின் பாதுகாப்புக்கு உரியது என்று முதல் முறையாக ஒப்புக்கொண்டது. வழக்கில் தோல்வி, கொள்கையில் வெற்றி. கட்டடம் இன்றும் நிற்கிறது.

கதை அத்துடன் முடியவில்லை. அந்தக் கம்பெனிக்கு நகராட்சி கொடுக்க நேர்ந்த நஷ்ட ஈட்டுக்கு அன்றைய மேயரே பொறுப்பு என்று பின்னர் வழக்கு நடந்து, 3 கோடி யென்னுக்கு மேல் அவர் கட்ட வேண்டும் என்ற தீர்ப்பு 2016இல் உறுதியானது. வட்டியும் சேர்ந்தது. ஆதரவாளர்கள் நன்கொடை திரட்டி அந்தத் தொகையைக் கட்டினார்கள். மேயர் செய்தது சரியா தவறா என்பதில் ஊருக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு. ஆனால் தங்களுக்காக நின்றவர் என்று நம்பியவரை அவர்கள் தனியே விட்டுவிடவில்லை.

கழற்றிய வீடு மறுபடி நின்றது

அதே 2006இல் ஸ்டேஷனுக்கும் முறை வந்தது. மித்தாக்காவிலிருந்து தாச்சிகாவா வரை பாதையில் 18 ரயில்வே கேட்டுகள். வண்டிகள் அடுத்தடுத்து வருவதால் கேட் திறப்பதே அபூர்வம். ஜப்பானில் இவற்றுக்குத் "திறக்காத கேட்" என்றே பெயர். தண்டவாளத்தை மேம்பாலத்தில் ஏற்றிவிட்டால் தொல்லை தீரும். நியாயமான வேலைதான், ஆம்புலன்ஸ் கேட்டில் நிற்பதை யார் விரும்புவார்? ஆனால் சிவப்புக் கூரை நின்றது கட்டுமான வழியில். கூரை போக வேண்டும்.

மக்கள் கையெழுத்து வாங்கினார்கள், யோசனைகள் சொன்னார்கள். நகராட்சி ஒரு வழி கண்டது. 2006 அக்டோபரில் கட்டடத்தை நகரின் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஏன் தெரியுமா? ஸ்டேஷன் முகப்பு போன்ற நெருக்கமான இடத்தில் மரக் கட்டடத்தைப் புதிதாக எழுப்பத் தீத்தடுப்பு விதிகள் இடம் கொடுக்காது. பாரம்பரியச் சின்னம் என்றால் விலக்கு உண்டு. பிறகு கட்டடத்தைச் சட்டம் சட்டமாகக் கழற்றிப் பத்திரப்படுத்தினார்கள். 2010இல் மேம்பாலப் பாதை முழுமை பெற்றது, கேட்டுகள் ஒழிந்தன, அடியில் புது ஸ்டேஷன் வந்தது. பழைய மரச்சட்டங்களோ காத்திருந்தன. ஸ்டேஷனில் சிவப்புக் கூரையையே பார்க்காத பிள்ளைகள் ஊரில் பிறந்து வளர்ந்தார்கள்.

நகராட்சியின் பணத்தோடு மக்களின் நன்கொடையும் சேர்ந்தது. 2020 ஏப்ரலில், ஏறக்குறைய பழைய இடத்திலேயே, பெரும்பாலும் பழைய மரங்களைக் கொண்டே, சிவப்புக் கூரை மறுபடி எழுந்தது. கொரோனா காலம், ஆரவாரமாகத் திறக்க முடியவில்லை. அதற்கு முந்தைய மாதம்தான் மூத்த சகோதரி போன்ற ஹராஜுகு மரக் கட்டடம் ஸ்டேஷன் வேலையிலிருந்து ஓய்வு பெற்றது. அந்த வருஷமே அதைப் பிரித்தும்விட்டார்கள். ஒன்று இறங்க, மற்றொன்று எழுந்தது.

இப்போது அந்தக் கூரையின் கீழ் டிக்கெட் கிடையாது. ஊரின் வரலாற்றைக் காட்டும் கண்காட்சியும், வருவோருக்கு வழி சொல்லும் இடமும், உட்கார்ந்து பேசும் கூடமும் இருக்கின்றன. வண்டி பிடிக்கப் போகிறவர் பின்னால் உள்ள மேம்பாலத்துக்குத்தான் போக வேண்டும். அப்படியானால் இது ஸ்டேஷனா, ஸ்டேஷனின் பொம்மையா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. என் பதில் இதுதான். ஒரு காலத்தில் மனை விற்க வைத்த விளம்பரப் பலகை அது. எண்பது வருஷம் அதன் கீழே குடை விரித்து அப்பாவுக்காகக் காத்திருந்த பிள்ளைகளும், மகனைப் பட்டாளத்துக்கு வழியனுப்பிய தாய்மார்களும், பரீட்சைக்கு ஓடிய மாணவர்களும் அதைத் தங்களுடையதாக ஆக்கிவிட்டார்கள். கட்டியவன் நோக்கம் ஒன்று, வாழ்ந்தவர்கள் கொடுத்த அர்த்தம் வேறு. சரித்திரத்தில் பெரும்பாலும் இரண்டாவதே நிலைக்கிறது.

குனிதாச்சியில் குடியேறியவர்களுக்கும் பூர்வீகம் வேறு எங்கோதான் இருந்தது. தங்கள் பிள்ளைகளுக்கு "நம்ம ஊர்" என்று காட்ட ஒரு கூரை வேண்டும் என்று அவர்கள் நினைத்தார்கள். நம் பிள்ளைகளும் நாம் வந்து சேர்ந்த ஊர்களில்தான் பிறக்கிறார்கள், படிக்கிறார்கள். விடுமுறைக்குப் போகும் ஊரைப் பற்றி அவர்களுக்கு நிறையச் சொல்கிறோம், நல்லதுதான். கூடவே, தினமும் நாம் ஏறி இறங்கும் ஸ்டேஷன் எப்போது வந்தது, யார் நிலத்தில் வந்தது, அதற்கு முன் அங்கே யார் இருந்தார்கள், பக்கத்து மரத்தை யார் நட்டார்கள் என்பதையும் விசாரித்துச் சொல்லலாம். அதற்கு ஜப்பான் வரை போக வேண்டியதில்லை. ஸ்டேஷன் வாசலில் நெடுங்காலமாகக் கடை வைத்திருக்கும் பெரியவரைக் கேட்டாலே பாதிக் கதை கிடைத்துவிடும்.